கங்கையம்மாளின் கஷாயம்

ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு வைக்கக் கூடாது என்று துர்கா சொல்லிவிட்டாள். ஈரல் ஆகாது, ஆட்டுச் சுவரொட்டி ஆகாது, கருவாட்டைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. சொன்னது கங்கையம்மாளிடம் அல்ல. அவள் புருஷன் தேவசகாயத்திடம். அவன் அதை வாங்கிக்கொண்டு வந்து, கறிக்கடைப் பையோடு படியேறியவளிடம், பாதிரியார் பிரசங்கத்தை ஒப்பிப்பது போலச் சொன்னான்.

“குடல், ஈரலெல்லாம் துன்னா ரத்தத்துல யூரிக் ஆசிட் ஏறிடுமாம்மே. அது போயி கட்டைவெரல் மூட்டுல ஊசி ஊசியா ஒக்காந்துக்குமாம். அதான் இந்த வலியாம். துர்கா சொல்லிச்சி.”

“சொல்லிச்சா.”

“ஆமா.”

“அப்பால வேற இன்னா சொல்லிச்சி? யாரு பக்கம் திரும்பிப் படுக்கணும்னு அதெல்லாம் சொல்லலியா?”

தேவசகாயம் வீங்கிய காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பக்கம் திரும்பினான். அன்றைக்கு அவள் குடல் குழம்புதான் வைத்தாள். மிளகும் பட்டையும் தூக்கலாகப் போட்டு, காலனியே மூக்கை உறிஞ்சும்படி வைத்தாள். அவன் ரசத்தை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்து போனான். குழம்புச் சட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் தட்டில் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்தவள் அவள். இன்றைக்கு வேறொருத்தி அவள் அடுப்பில் கை வைத்துவிட்டாள்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே பிள்ளையார்பாளையத்தில், வரதராஜன் சாயப்பட்டறையில் வேலை. ஐயம்பேட்டைக் காலனியிலிருந்து விடிந்ததும் டிவிஎஸ் வண்டியில் கிளம்பிப் போவார்கள். அவனுக்கு அண்டா வேலை. கொதிக்கிற செப்பு அண்டாவில் சாயத்தைக் கரைத்து, கழியில் கோத்த பட்டு நூல் சிட்டங்களை முக்கி, ஒரு பக்கம் குடித்ததை மறுபக்கம் திருப்பி, மறுபடி முக்கி, நின்ற கால் நின்றபடி இருக்க வேண்டும். கை அசந்தால் நூலில் திட்டு விழும். திட்டு விழுந்த நூலைத் தறிக்காரன் முகத்தில் வீசியடிப்பான்.

அவளுக்கு வெளுப்பு வேலை. பச்சைப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, அதன்மேல் இருக்கிற பசையைக் கரைத்து, அலசி, தூணில் மாட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். பசை போகாத நூலில் சாயம் உள்ளே இறங்காது. மேலே பூசினாற்போல் நின்று, முதல் தண்ணீரிலேயே வழிந்து போகும். பட்டறைக்குப் புதிதாக வருகிற யாருடைய காதிலும் முதலில் போடுகிற பாடம் அதுதான். அந்தப் பாடமே அவள் புத்தியில் ஊறி, கடைசியில் அவள் தாலியை அறுக்கப் பார்த்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதிலிருந்து தேவசகாயத்துக்குக் கால் வலி. இடது கால் கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிப் பளபளத்தது. போர்வை நுனி பட்டாலே கத்தினான். கல்யாண சீசன் வேறு; பட்டறையில் அரக்கும் மாம்பழ மஞ்சளும் மலைபோல் வந்து குவிந்துகிடந்தன. ஒற்றைக் காலில் நின்று கழி திருப்பினான். வரதராஜன்தான் ஒரு டாக்டரிடம் போகச் சொன்னார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு அவன் நேரே ஐயம்பேட்டை பஸ் ஸ்டாப் மெடிக்கலுக்குப் போனான். அங்கேதான் துர்கா இருக்கிறாள்.

துர்கா அவனுக்குத் தாய்மாமன் மகள். அவளை அவனுக்குக் கொடுப்பதாக ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. பெண் பார்மசி படிக்கிறது, சாயக்காரனுக்கு எப்படிக் கொடுப்பது என்று மாமனே பேச்சை முறித்துவிட்டார். பிறகுதான் கூரத்திலிருந்து கங்கையம்மாள் வந்தாள். தேவசகாயத்துக்காகச் சர்ச்சில் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டாள், பெயரை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. துர்காவைக் கட்டினவன் லாரியில் அடிபட்டுப் போய்விட, அவள் திரும்பி வந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். புடவைமேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கடையில் நிற்கிறாள். வயது நாற்பதைத் தாண்டியும் விரலெல்லாம் வெண்டைப்பிஞ்சு மாதிரி. கங்கையம்மாளின் கையோ சோடாத் தண்ணீரில் வெந்து வெடித்து, ரேகைக்குள் அரக்கும் பச்சையும் நிரந்தரமாகக் குடியேறிய கை.

சீட்டு வாங்கின அன்றைக்கு அவளும் கூடத்தான் போயிருந்தாள். தேவசகாயத்துக்கு மட்டும் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூல் வந்தது.

“ஒக்காருங்க மாமா. காலத் தொங்கப் போடாதீங்க. தோ, இந்த அட்டைப் பொட்டி மேல வைங்க.” துர்கா குனிந்து அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். தொடவில்லை. தொட்டது போலத்தான் கங்கையம்மாளுக்கு இருந்தது.

“இது பொடி மாத்திரைதான் மாமா, ஆனா பொல்லாதது. டாக்டர் எழுதுன அளவுக்கு மேல ஒரு பொட்டு கூடப் போடக் கூடாது. வயித்தால போச்சின்னா, வாந்தி வந்துச்சின்னா அன்னிக்கே நிறுத்திட்டு ஓடியாந்துரணும். இது போடற வரைக்கும் வேற எந்த மருந்தையும் கேக்காம வாயில வெக்கக் கூடாது. இன்னா, காதுல ஏறுச்சா?”

“நீ சொன்னா ஏறாதா?” என்றான் தேவசகாயம். அவன் சிரித்த சிரிப்பில் பல் எல்லாம் தெரிந்தது. வலியில் அழுதுகொண்டு வந்தவன்.

“எங்கிட்டயும் சொல்லேன். நானும் இங்கதானே மரமாட்டம் நின்னுக்கினு இருக்கறேன்.”

“மாமாகிட்ட சொல்லிட்டேனேக்கா. அதுக்குப் புரிஞ்சிடுச்சி,” என்று துர்கா அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

சொல்லிட்டேனேக்கா. அந்த வார்த்தையை நெஞ்சில் போட்டு நாள் முழுக்க அரைத்தாள் கங்கையம்மாள். குடல் குழம்பு தீண்டப்படாமல் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது பொங்கி வெளியே வந்தது. மாத்திரை அட்டையை எடுத்து வாசல் கால்வாயில் விட்டெறிந்தாள்.

“இந்த ஊட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த வெள்ளக் கோட்டு இருக்கணும்.”

“மாத்திரைடி அது! பொம்பளயா?”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்கூர்ல இல்லாத மருந்தா? எங்கம்மா எத்தினி பேரு வீக்கத்த வத்த வெச்சிது தெரியுமா? இனிமே அவ கையால ஒரு மாத்திரை துன்ன மாட்டேன்னு சத்தியம் பண்ணு. கமல் தலைல அடிச்சிப் பண்ணு.”

கமல் அவர்கள் பிள்ளை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். சவாரிக்குப் போகுமுன் சாப்பிட உட்கார்ந்திருந்தவன், கையில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தான். “என் தலைய வுட்டுருங்கபா. இருக்கறதே கொஞ்சூண்டு முடி, அத வெச்சி சத்தியம் வேற.”

தேவசகாயம் பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். மறுநாள் அதே சீட்டைக் காட்டித் துர்காவிடம் வேறு அட்டை வாங்கி, டிவிஎஸ் வண்டியின் பக்கப் பெட்டியில் ஸ்பானர் சுற்றி வைத்த துணிக்குள் ஒளித்து வைத்தான். வலிக்கிறவனுக்குச் சத்தியமாவது ஒன்றாவது. இது கங்கையம்மாளுக்குத் தெரியாது.

அவள் பஸ் ஏறிக் கூரத்துக்குப் போனாள்.

அவளுடைய அண்ணி பொன்னியம்மாள் ஏரிக்கரையோரம் களை பறித்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்த நேரம். வேலியெல்லாம் கண்வலிப்பூ பூத்துக் கிடந்தது. இதழெல்லாம் மேல்நோக்கி வளைந்து, கீழே மஞ்சள், நுனியில் சிவப்பு, யாரோ வேலிக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போனது போல. சின்ன வயதில் அதை உற்றுப் பார்த்தாலே கண்வலி வரும் என்று அடித்துத் துரத்துவார்கள்.

“கெழங்கு வேணும் அண்ணி.”

பொன்னியம்மாள் சேற்றுக் கையோடு எழுந்து நின்றாள். “இன்னாத்துக்கு? ஊட்டுக்காரரோட சண்டையா?”

“சீ, அதுக்கில்ல. அவருக்குக் கால் வீக்கம். எங்கம்மா அரைச்சிப் போடுமே, அதுக்கு.”

“பூசறதுன்னா தோண்டித் தரேன். பூசிட்டு கையச் சோப்பு போட்டுக் கழுவணும். வாய்ப்பக்கம் போவக் கூடாது. மேலாண்ட தெருவுல ஒரு பொண்ணு புருஷன் மேல இருந்த கோவத்துல இதத் துன்னுட்டு எப்பிடித் துடிச்சிது, நான் பாத்தவ.”

“உள்ளுக்கும் குடுப்பாங்கன்னு சொல்வாங்களே?”

“வைத்தியரு குடுப்பாரு. அதச் சுத்தி பண்றதுக்கே அவரு அத்தினி பாடு படுவாரு. குண்டுமணி எட போடற மாதிரி போட்டுக் குடுப்பாரு. நீ இன்னா வைத்தியரா? நூலு பிழியறவ.”

பொன்னியம்மாள் கடப்பாரையால் தோண்டினாள். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு வந்தது. மண்ணை உதறி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை இரண்டு முடிச்சு போட்டுக் கட்டினாள். “பூசறதுக்கு மட்டும்” என்று பஸ் ஏறுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். கங்கையம்மாள் காதில் விழுந்தது “வைத்தியரு குடுப்பாரு” என்பது மட்டும்தான்.

முதலில் பூசத்தான் செய்தாள். சாயங்காலம் அரைத்துப் போட்டு, துணி கட்டி, காலையில் அவிழ்த்துப் பார்த்தாள். வீக்கம் அப்படியே இருந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். அவளுக்குப் பொறுக்கவில்லை. மேலே பூசினது எப்படி நிற்கும்? அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தால்தானே சாயம் நூலுக்குள் இறங்குகிறது? மருந்து மட்டும் என்ன, தோல்மேல் தடவினால் எலும்புக்குள் போய்விடுமா? உள்ளே இறங்கணும். கொஞ்சம்தானே, ஒரு துணுக்கு. மிளகு, சுக்கு, பனைவெல்லம் எல்லாம் போட்டு, கிழங்குத் துணுக்கையும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள்.

“இன்னாமே இது, இப்பிடிக் கசக்குது?”

“எங்கூரு மருந்து. மூக்கப் புடிச்சிக்கினு குடி.”

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. வண்டிப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தது அவன் வாயை அடைத்தது. பெண்டாட்டியை ஏமாற்றுகிறோமே, அவள் கொடுக்கிறதையாவது குடித்து வைப்போம் என்று குடித்தான்.

மறுநாள் காலையில் தேவசகாயம் காலைத் தரையில் ஊன்றினான். கட்டைவிரல் சுருங்கியிருந்தது. அவன் மனசுக்குள் துர்காவுக்கு நன்றி சொன்னான். கங்கையம்மாள் குளித்து, மஞ்சள் பூசி, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினாள். போகிற வழியில் மெடிக்கல் கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“வேணாம்மே, லேட் ஆவுது.”

“நிறுத்துன்றேன்.”

இறங்காமலே, பின்னால் உட்கார்ந்தபடியே கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “துர்கா! இங்க பாரு. உன் மாத்திரை இல்லாமயே உங்க மாமா நடக்கறாரு.”

“இல்லாமயா?” துர்காவின் புருவம் ஏறியது. கங்கையம்மாளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தேவசகாயம் கண்ணைக் காட்டினான். துர்கா அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “நல்லதுக்கா” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்குக் கங்கையம்மாள் பிழிந்த பிழிப்பில் தூணே ஆடியது. கூட வேலை செய்கிற சுகாசினி, “இன்னாக்கா, ஒரே குஷியாக் கீற?” என்றாள்.

“படிச்சவ மருந்து படிச்சவளுக்கு. எங்கூட்டு ஆளுக்கு எங்கை மருந்துதான் கேக்கும்.”

“இன்னா மருந்துக்கா? எங்க மாமியாருக்கும் முட்டி வலிக்குது.”

“அதெல்லாம் சொல்லக் கூடாது” என்றாள் கங்கையம்மாள். அது ஒன்றுதான் அவள் அந்த வாரம் செய்த புண்ணியம்.

சாயங்காலம் மறுபடி கஷாயம். அடுத்த நாள் தேவசகாயம் கழியைப் போட்டுவிட்டுக் கக்கூசுக்கு ஓடினான். வந்து நின்றான், மறுபடி ஓடினான். அவன் அண்டாவைப் பக்கத்து அண்டாக்காரன் சத்யராஜ் கவனித்துக்கொண்டான். துர்கா சொன்னது தேவசகாயத்துக்கு ஞாபகம் வந்தது: வயித்தால போனா நிறுத்திடணும். நிறுத்தினான். மாத்திரையைத்தான் நிறுத்தினான். கஷாயத்தை நிறுத்து என்று சொல்ல வேண்டுமானால் மாத்திரைக் கதையைச் சொல்ல வேண்டும். பிள்ளை தலைமேல் செய்த சத்தியத்தைச் சொல்ல வேண்டும்.

“வயித்தப் பொரட்டுதுமே. தொண்டையெல்லாம் எரியுது.”

“எரியட்டும். பசை போவுது. பசை போனாத்தான்யா மருந்து ஏறும். நூலுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலியே.”

அவளே சொல்லி, அவளே சிரித்து, மூன்றாவது டம்ளரை அவன் வாயில் வைத்தாள்.

காலையில் அவன் பாயைவிட்டு எழவில்லை. பாயெல்லாம் நனைந்திருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. வாந்தியில் ரத்தம் கோடு கோடாக வந்தது. கமல் அவனை மூட்டை மாதிரி தூக்கி ஆட்டோவில் போட்டு, காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினான். கங்கையம்மாள் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் மழை. மீதிக் கிழங்கு அவள் இடுப்புச் சுருக்குப்பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில், துணியில் சுற்றிக் கிடந்தது.

டூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். ஒருபக்கம் நர்ஸ் ஊசி குத்த, மறுபக்கம் கேள்வி கேட்டார்.

“என்ன சாப்பிட்டார்?”

“ரசம் சோறுதாம்மா.”

“மருந்து, மாத்திரை?”

“ஒண்ணும் இல்லம்மா. மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சி.”

கட்டிலில் கிடந்தவன் உதட்டை அசைத்தான். கமல் குனிந்து காதைக் கொடுத்தான். “வண்டிப் பொட்டி… துணிக்குள்ள… துர்காவக் கூப்புடு.”

கமல் துர்காவுக்குப் போன் போட்டான். துர்கா காலனிக்கு ஓடி, வண்டிப் பெட்டியைத் திறந்து, அட்டையை எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு நனைந்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். அவள் கையில் அந்த அட்டையைப் பார்த்ததும்தான் கங்கையம்மாளுக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை நாளும் திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறான். பிள்ளை தலைமேல் கை வைத்துவிட்டு, இவள் கை மாத்திரையைத் தின்றிருக்கிறான். அன்றைக்குக் கடை வாசலில் இவள் அவனையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்ததற்கு அர்த்தம் இதுதான். உள்ளே உயிர் போய்க்கொண்டிருந்தது, அவளுக்கு நெஞ்சில் எரிந்தது வேறு.

டாக்டர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “கோல்ச்சிசின். நீங்கதான் கொடுத்தீங்களா?”

“ஆமாங்க மேடம். டாக்டர் சீட்டு இருக்குது. அளவாத்தான் குடுத்தேன்.”

“இதுல காலியா இருக்கிறதைப் பார்த்தா இவ்வளவு மோசம் ஆகாதே. வேற அட்டை கொடுத்தீங்களா?”

“முன்னாடி ஒண்ணு குடுத்தேன். அத வுட்டெறிஞ்சிட்டாங்கன்னு மாமா சொல்லிச்சி.”

“யார் பார்த்தா? அதையும் சேர்த்துப் போட்டிருந்தா? பேஷண்ட் சீரியஸா இருக்கார்மா. நான் போலீசுக்கு எழுதியாகணும். உங்க கடைப் பேரு, லைசென்ஸ் யார் பேர்ல, எல்லாம் சொல்லணும்.”

துர்காவின் முகம் வெளுத்துப் போனது. பசை எடுத்த நூல் மாதிரி. கங்கையம்மாள் அதைப் பார்த்தாள். அந்தக் கோட்டு கழன்று விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. கடைக்காரன் துரத்துவான். காலனியில் நாலு பேர் துப்புவார்கள். மாமா என்று கூப்பிட இனி வாய் வராது. தான் ஒன்றும் செய்ய வேண்டாம். கால்வாயில் எறிந்தது உண்மை என்று சொல்லாமல், சும்மா நின்றாலே போதும். அவள் சும்மா நின்றாள். அந்த ஒரு நிமிஷம் வெல்லம் மாதிரி இனித்தது.

துர்கா அவளிடம் வந்து முழங்கையைப் பிடித்தாள். “அக்கா, வேற எதுனா குடுத்தியா? நாட்டு மருந்து எதுனா? நீ அன்னிக்கு எதையோ பெருமையா சொன்னியே. சொல்லுக்கா.”

“நான் இன்னாத்தக் குடுத்தேன்? கைய எடு.”

டாக்டர் திரும்பினார். “கண்வலிக்கிழங்கு எதுவும் கொடுக்கலையே? இந்த மாத்திரையே அந்தக் கிழங்குலயும் அந்த மாதிரிச் செடிங்கள்லயும் இருக்கிற விஷத்துலேர்ந்துதான் எடுக்கறாங்க. கடுகளவு அளந்தா மருந்து. ரெண்டும் சேர்ந்து உள்ளே போயிருந்தா வேற மாதிரி பார்க்கணும். கிட்னி, ரத்தம், இதயம் எல்லாத்தையும் அது உக்கார வெச்சிடும்.”

கங்கையம்மாளின் கை தானாகச் சுருக்குப்பைமேல் போனது. இதுவும் அதுவும் ஒன்றா? கூரத்து வேலியில் கிடந்ததைத்தான் இவள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்றாளா? தான் கால்வாயில் வீசியெறிந்ததைத்தான், பஸ் ஏறிப்போய்த் தோண்டிக்கொண்டு வந்தாளா?

கட்டிலில் தேவசகாயம் கண்ணைத் திறக்காமல் முனகினான். “துர்கா வந்துச்சா?”

பெண்டாட்டி இருக்கிறாளா என்று கேட்கவில்லை. துர்கா வந்துச்சா. கங்கையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் வயிறு மேலும் கீழும் தூக்கிப் போட்டது. கால் வெளியே தொங்கியது. அந்தக் கட்டைவிரல் சுத்தமாக வீக்கம் வற்றி, பழைய அளவுக்குச் சின்னதாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

“அவ மாத்திரை ஒண்ணும் பண்ணலம்மா!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். “அவ மாத்திரைக்கு அவ்ளோ சக்தி ஏது? நான் குடுத்தேன். நான்தான் குடுத்தேன். எங்கையால காய்ச்சிக் குடுத்தேன். மொத அட்டைய நான்தான் கால்வாய்ல எறிஞ்சேன். அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வலிய எறக்குனதும் நான்தான், ஆள இப்பிடிப் போட்டதும் நான்தான்.”

சுருக்குப்பையைப் பிரித்துக் கிழங்கை மேஜைமேல் வைத்தாள். வெற்றிலைக் காம்பும் அதோடு வந்து விழுந்தது.

“எப்போ கடைசியா கொடுத்தீங்க?”

“நேத்து பொழுதோட.”

“வந்த உடனே சொல்லியிருக்கக் கூடாதா?” டாக்டர் அதற்குமேல் அவளைப் பார்க்கவில்லை. “இதுக்கு முறிவு மருந்துன்னு கையில எதுவும் இல்ல. கரி கரைச்சு உள்ளே விட்டு, சலைன் ஏத்தி, ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டே இருக்கணும். சென்னைக்கு அனுப்பறேன். கூட யார் போறீங்க?”

“நான்” என்றார்கள் இருவரும்.

கங்கையம்மாள் திரும்பித் துர்காவைப் பார்த்த பார்வையில் துர்கா பின்வாங்கினாள். ஆம்புலன்சில் கங்கையம்மாள்தான் ஏறினாள்.

சென்னையில் தேவசகாயம் செத்துப் பிழைத்தான். ரத்தம் ஏற்றினார்கள், ஒரு கட்டத்தில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். பேச்சு வந்ததும் தேவசகாயம், “கால் வலிக்குக் கஷாயம் வெச்சிச்சி சார். நானும் தெரிஞ்சேதான் குடிச்சேன்” என்று சொல்லி அவளைக் காப்பாற்றினான். ஏன் காப்பாற்றினான் என்று அவள் கேட்கவில்லை. அவன் ஏன் மறைத்தான் என்றும் கேட்கவில்லை. கேட்டால் அவளும் பதில் சொல்ல வேண்டி வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில் கற்றை கற்றையாக, தலையைத் தடவினால் கையோடு வந்தது. அந்த விஷம் உள்ளே போய் உயிர் தப்பினவர்களுக்கு அப்படித்தான் ஆகுமாம். கங்கையம்மாள் அதையெல்லாம் பெருக்கி அள்ளினாள். அள்ளும்போது அழுதாள், அழுகைக்கு நடுவில் ஒரு நினைப்பும் ஓடியது. இந்த மொட்டைத் தலையை இனி எவள் திரும்பிப் பார்ப்பாள்?

“அதுக்கா அழுவற?” என்றான் தேவசகாயம். “மறுபடி மொளைச்சிடுமாம். துர்கா போன்ல சொல்லிச்சி.”

அவள் முறத்தோடு எழுந்து வெளியே போனாள்.

சென்னை டாக்டர்கள் கால் வலிக்கு வேறு மாத்திரை எழுதியிருந்தார்கள். பழைய மாத்திரையின் வாசனையே இனி ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு கங்கையம்மாள் தனியாக மெடிக்கலுக்குப் போனாள். கூட்டம் கலைகிற வரைக்கும் ஓரமாக நின்றாள்.

“மாமா வரலியாக்கா?”

“வர மாட்டாரு. எங்கிட்ட சொல்லு.”

துர்கா அட்டையை எடுத்து வைத்தாள். எப்போது, எவ்வளவு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, உடம்பில் தடிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் சொன்னாள். கங்கையம்மாள் உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டாள்.

“இன்னொரு வாட்டி சொல்லு.”

துர்கா இன்னொரு வாட்டி சொன்னாள். பிறகு கண்ணாடிமேல் விரலைத் தேய்த்துக்கொண்டு, “அன்னிக்கு நீ வண்டிய நிறுத்திச் சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்க்கா. மாத்திரை போடறாருன்னு ஒனக்குச் சொல்லியிருக்கணும். மாமா கண்ணக் காட்டுச்சி, நான் வாய மூடிக்கினேன்.”

“இனிமே அவரு கண்ணப் பாக்காத” என்றாள் கங்கையம்மாள். “எந்தச் சேதியா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. போன் பண்றதா இருந்தா எனக்குப் பண்ணு.”

“செரிக்கா.”

அட்டையைச் சுருக்குப்பையில் போட்டு, சுருக்கை இழுத்து, இடுப்பில் செருகினாள். வீட்டுக்கு வந்து குழம்பில்லாத சோற்றை, சுரைக்காய்க் கூட்டோடு அவன் முன்னால் வைத்தாள். தின்று முடித்ததும் தண்ணீர் டம்ளரோடு மாத்திரையைக் கொண்டுவந்தாள்.

“துர்கா இன்னா சொல்லிச்சி?” என்றான் அவன், மொட்டைத் தலையைச் சொறிந்துகொண்டு.

“நான் சொல்றேன், கேட்டுக்க.”

ஒன்றுவிடாமல் சொன்னாள். துர்கா சொன்ன அதே வரிசையில், அதே வார்த்தையில். துர்காவின் பெயரை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. முடித்துவிட்டு, மாத்திரையை உள்ளங்கையில் ஏந்தியபடி கேட்டாள்.

“இன்னா, காதுல ஏறுச்சா?”

“ஏறுச்சி.”

அன்றைக்குக் கடையில் துர்காவுக்குச் சொன்ன அந்த வார்த்தை தனக்கும் வரும் என்று அவள் டம்ளரைக் கொடுக்காமல் நின்றாள். அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான்.

“தண்ணியக் குடுமே” என்றான்.